உயர்மலை ஏரியிலும் ஓடையிலும் ட்ரவுட் சிக்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

காஷ்மீரில் சோனமர்க்கில் ஏறி நாராநாக்கில் இறங்கும் பெரும் ஏரிகள் நடைபாதையில் விஷன்சர், கிருஷன்சர், காட்சர், கங்காபல், நந்த்கோல் என்று ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் வாழும் ஏரிகள் வரிசையாக வருகின்றன. எல்லாமே ஏறக்குறைய 3,500 முதல் 3,800 மீட்டர் உயரத்தில். காஷ்மீரியில் 'காட்' என்றால் மீன், 'சர்' என்றால் ஏரி. பெயரிலேயே மீனை வைத்திருக்கும் காட்சர் கரையிலும் நாள் முழுக்க ராட் (தூண்டில் கோல்) வீசி வெறுங்கையோடு கூடாரம் திரும்புகிறவர்கள் உண்டு. இந்தக் குறிப்பு அவர்களுக்கு.

கடி இல்லையென்றதும் எல்லோரும் முதலில் செய்வது டப்பாவைத் திறந்து லூரை (செயற்கை இரையை) மாற்றுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நிற்கிற இடம், இரை போகிற ஆழம், நரம்பின் (தூண்டில் நூலின்) தடிமன், சுற்றும் வேகம், அப்புறம்தான் லூர். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த வரிசையை விடாதீர்கள்.

செட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 6 முதல் 7 அடி, நாலைந்து துண்டாகக் கழலும் அல்ட்ரா லைட் ராட், 1000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் கருவி), 4 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு, 2 முதல் 4 கிராம் ஸ்பின்னர் (இழுத்தால் தகடு சுழலும் லூர்), 3 முதல் 7 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவத் தகடு லூர்), உள்ளே தண்ணீர் நிரப்பும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தக்கை, ஒரு சின்ன டப்பா ஃபிளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்). போலரைஸ்டு கண்ணாடி (நீர்ப்பரப்பின் மினுக்கத்தைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி) கட்டாயம். அது இல்லாவிட்டால் கீழே சொல்வதில் பாதி உங்கள் கண்ணுக்கே தெரியாது. மீன்வளத் துறையின் பர்மிட்டில் எந்த நீர்நிலை, எந்தத் தேதி, எந்த முறை, எத்தனை மீன் என்று இருக்கும். புழு போடலாமா கூடாதா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரு மணி நேரமாகிறது, மீன் இருக்கிற சுவடே இல்லை"

முதல் சந்தேகம் ஏரியின் மேலேயே இருக்கட்டும். ட்ரவுட் இமயமலையின் மீன் அல்ல. பிரிட்டனிலிருந்து 1899இல் காஷ்மீருக்கு அனுப்பிய முதல் முட்டைகள் வழியிலேயே செத்தன. 1900இல் வந்தவைதான் பிழைத்தன. அதற்குப் பிறகு மனிதர்கள் கொண்டுபோய் விட்ட நீரிலும், அங்கிருந்து மீன் தானாக ஏற முடிந்த நீரிலும்தான் ட்ரவுட் இருக்கிறது. கீழே செங்குத்தாக அருவி விழுகிற ஏரிக்கு மீன் தானாக ஏறிப் போயிருக்காது. மூன்று மீட்டர் ஆழம்கூட இல்லாத குட்டையில் விட்டாலும் நிற்காது. குளிர்காலத்தில் பனிமூடி மாதக்கணக்கில் கிடக்கும்போது அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

மீனில்லாத நீரைக் கண்டுபிடிப்பது சுலபம். கரையோரத் தண்ணீரில் தலைப்பிரட்டைகளும் பெரிய நீர்ப்பூச்சிகளும் பட்டப்பகலில் நடுநீரில் பயமில்லாமல் நீந்துகின்றனவா? அப்படியானால் அவற்றைத் தின்ன அங்கே ஆளில்லை. அடுத்த ஏரிக்கு நடையைக் கட்டுங்கள். பூச்சியெல்லாம் கல்லுக்கடியில் ஒளிந்திருந்தால் நல்ல அறிகுறி. ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்குப் போய், கணுக்கால் ஆழத்தில் கல் இடுக்குகளைப் பாருங்கள். இரண்டு விரற்கடை நீளக் குஞ்சுகள் ஓடினால் மேலே தாய்மீன் உண்டு.

மீன் உண்டு என்று ஆகிவிட்டால், தவறு நிற்கும் இடத்தில். மலையேரியின் நடுப்பகுதி பெரும்பாலும் வெறும் தண்ணீர், இரை கரையோரத்தில்தான். பழக்கமில்லாதவர் முழு பலத்தோடு நடு ஏரிக்கு வீசுவார், மீன் அவர் காலடியில் இரண்டு மீட்டர் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் வெளிர்பச்சையிலிருந்து சட்டென்று கருநீலமாக மாறும். அடித்தரை சரிந்து இறங்கும் விளிம்பு அது. அந்த விளிம்புக்கு இணையாக, கரையை ஒட்டி வீசுங்கள். குறுக்கே வீசினால் லூர் விளிம்பில் இரண்டு வினாடிதான் இருக்கும். இணையாக வீசினால் வரும் வழி முழுக்க விளிம்புதான்.

அடுத்த நல்ல இடம், ஓடை ஏரியில் விழும் வாய். கிருஷன்சரின் நீர் ஓடையாக இறங்கி விஷன்சரில் கலக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓடை கொண்டுவரும் பூச்சி, கூடுதல் ஆக்சிஜன், கரடுமுரடான அடித்தரை மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும். ஓட்டம் ஏரிக்குள் போய் வேகம் அடங்கும் இடத்தின் இரு பக்க ஓரங்களில் வீசுங்கள், ஓட்டத்தின் நட்டநடுவில் அல்ல.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போனால் கணக்கு மாறும். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனம். ஆகவே பனி உருகும் காலத்தில் ஆழத்து நீர் 4 டிகிரியைச் சுற்றியே நிற்கும், வெயில் படும் ஆழமற்ற நீர் மட்டும் கொஞ்சம் சூடேறும். கருஞ்சேறும் கருங்கல்லும் கிடக்கும் சின்ன வளைவுகளைத் தேடி, விடியற்காலையை விட்டுவிட்டு முற்பகல் பதினொன்றுக்கு மேல் போடுங்கள். ஆகஸ்டில் இதற்கு நேர்மாறு: விடியலும் அந்தியும்.

"கண்ணெதிரே வளையம் வளையமாக எழும்புகிறது, நம் லூரைத் திரும்பியும் பார்க்கவில்லை"

மீன் வேறு சாப்பாட்டில் இருக்கிறது. அநேகமாகக் கொசு போன்ற சின்ன மிட்ஜ் பூச்சி. அது கூட்டுப்புழுவாக அடியிலிருந்து மேலெழுந்து, நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே தயங்கி நிற்கும்போது ட்ரவுட் வரிசையாக உறிஞ்சிக்கொண்டே போகும். அரிசி அளவு இரையை நூற்றுக்கணக்கில் தின்னும் மீனுக்கு உங்கள் பளபள ஸ்பூன் இரையாகவே தோன்றாது.

வளையத்தை உற்றுப் பாருங்கள். மூக்கு வெளியே வந்து ஒரு நீர்க்குமிழி மிஞ்சினால் மேலே மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. மூக்கு தெரியாமல் முதுகும் மேல்துடுப்பும் மட்டும் உருண்டு மறைந்தால் பரப்புக்கு ஒரு சாண் கீழே கூட்டுப்புழுவைத் தின்கிறது. முதலாவதற்கு மிதக்கும் ஃபிளை, 14 அல்லது 16 எண். இரண்டாவதற்கு கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு மிட்ஜ் ஃபிளை, 16 முதல் 20 எண். எண் கூடக்கூட முள் சிறிது என்பதை மறக்க வேண்டாம்.

ஃபிளை ராட் இல்லையே என்று கவலை வேண்டாம், தண்ணீர்த் தக்கை இருக்கிறது. தக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி நரம்பில் கோர்த்து, அதன் கீழே ஒரு சின்னச் சுழலி (முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), சுழலியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் மெல்லிய ஃபுளோரோகார்பன் நரம்பு (0.15 மி.மீ.), நுனியில் ஃபிளை. மிதக்கும் ஃபிளைக்கு மட்டும் ஃபுளோரோகார்பனுக்குப் பதில் மோனோ, ஏனென்றால் ஃபுளோரோகார்பன் மூழ்கும்.

மீனின் தலைமேலேயே வீசக்கூடாது. ஏரி ட்ரவுட் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரோந்து போகும். இரண்டு மூன்று வளையங்களைப் பார்த்தால் எந்தத் திசையில் போகிறது என்று புரியும். அடுத்த வளையம் எங்கே வரும் என்று கணித்து, அதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். மீன் நெருங்கியதும் ரீலில் அரைச் சுற்று. அவ்வளவு போதும்.

தக்கை நீரில் விழும்போது மெல்லிய நரம்பு அதன்மேலேயே சுற்றிக்கொள்கிறதா? தக்கை தரையிறங்குவதற்கு ஒரு கணம் முன்பு ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றிய உருளையின்) விளிம்பை ஆள்காட்டி விரலால் தொட்டு ஓட்டத்தைத் தடுங்கள். தக்கை நிற்கும், பின்னால் வரும் ஃபிளை அதைத் தாண்டி முன்னால் போய் நேராக விழும்.

"பின்னாலேயே வருகிறது, கரை வரை வந்து திரும்பிவிடுகிறது"

இது பாதி வெற்றி. இடமும் ஆழமும் சரி. மிச்சக் கோளாறு வேகம் அல்லது நரம்பு. ஒரே வேகத்தில் வரும் லூரை மீனுக்கு ஆராய்ந்து பார்க்க நேரம் கிடைத்துவிடுகிறது. நான்கைந்து சுற்றுக்கு ஒரு தரம் ஒரு வினாடி நிறுத்துங்கள். ஸ்பூன் இலைபோல ஆடி விழும், பல கடிகள் அந்த விழுகையில்தான். நிறுத்தியும் எடுக்காவிட்டால் எதிர்மாறாக இரண்டு சுற்று வேகமாகச் சுற்றுங்கள், தப்பி ஓடும் இரையாகத் தெரியும். அதுவும் பலிக்காவிட்டால் அளவைக் குறையுங்கள்: 4 கிராம் ஸ்பின்னருக்கு 2 கிராம். நிறம் அதற்குப் பிறகுதான். வெயில் பளிச்சென்று இருந்தால் செம்பு அல்லது கறுப்பு. மேகமூட்டத்தில் வெள்ளி, தங்கம்.

இன்னொரு காரணம் நீங்களே. கடைசி மூன்று மீட்டரில் மீன் திரும்புகிறது என்றால் அது உங்கள் காலைப் பார்த்துவிட்டது. கரையிலிருந்து இரண்டு மீட்டர் பின்வாங்கி, ஒரு பாறைக்குப் பின்னால் குத்தவைத்து, அங்கிருந்தே வீசுங்கள்.

"தட்டுகிறது, மாட்டவில்லை"

முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து மெல்ல இழுங்கள். நகத்தில் கீறிப் பிடித்தால் கூர் உண்டு, வழுக்கினால் மழுங்கிவிட்டது. மலையேரியின் அடி முழுக்கக் கல், பத்து வீச்சுக்கு ஒரு தரம் இந்தச் சோதனை தேவை. சின்ன வைர அரம் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஃபிளையில் தவறவிட்டால் அநேகமாக அவசரம். மிதக்கும் ஃபிளையை மீன் வாயில் எடுத்து, வாய் மூடி, தலை கீழே திரும்பிய பிறகு சுண்ட வேண்டும். மூழ்கிய ஃபிளையில் இதற்கு எதிர்மாறு. கடி கையில் தெரிவதற்குள் துப்பிவிடும். தெளிந்த நீரில் மீனையே பாருங்கள். சாம்பல் நிழலாக வரும், நிற்கும், வாயின் உள்வெண்மை ஒரு கணம் பளிச்சிடும். அந்த வெண்மைதான் கடி, அப்போதே ராட் நுனியைத் தூக்குங்கள். தூக்கினால் போதும், சுழற்றி அடிக்க வேண்டாம்.

"மாட்டிய மீன் பாதியில் கழன்றுவிடுகிறது"

டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் தடை) அதிக இறுக்கம், அல்லது நரம்பில் தொய்வு. டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். 4 பவுண்டு நரம்பு ஏறத்தாழ 1.8 கிலோ தாங்கும். அதில் கால்பங்கிலிருந்து முப்பது சதவீதம் டிராக்குக்கு. அளக்கத் தராசு தேவையில்லை: நரம்பு நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கட்டி, ராட் நுனியைத் தரையை நோக்கி நீட்டித் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் டிராக் மெதுவாக வழுக்கத் தொடங்கினால் சரி. ஒரு பொட்டுகூட வழுக்காவிட்டால் தளர்த்துங்கள்.

பிரெய்டு (பின்னல்) நரம்பு போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிரெய்டு இழுபடாது, மீனின் ஒவ்வொரு தலையாட்டலும் நேராக முள்ளுக்குப் போய் வாயில் துளையைப் பெரிதாக்கும். இரண்டு மீட்டர் மோனோ லீடர் (நுனியில் கட்டும் தனி நரம்பு) முன்னால் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அவலாஞ்சிப் பக்கம் நீலகிரியின் ரெயின்போ ட்ரவுட்டில் கை பழகியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே குஞ்சு பொரிப்பகம் வந்தது 1907இல். அது முதல் நம் மலைகளில் நிலைத்த ட்ரவுட் ரெயின்போதான். ரெயின்போ மாட்டியதும் மேலே தாவும். ராட் நுனியைத் தாழ்த்தி விட்டுக்கொடுத்தால் போதும். காஷ்மீர் ஏரிகளில் பெரும்பாலும் பிரவுன் ட்ரவுட். அது தாவுவதைவிடக் கீழே மூக்கைக் குத்தி, கல்லுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளப் பார்க்கும். அதற்கு ராட்டைச் செங்குத்தாகத் தூக்கினால் பயனில்லை. பக்கவாட்டில், தண்ணீருக்கு இணையாகச் சாய்த்து, மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் தலை திரும்பும். தலை திரும்பினால் உடம்பும் திரும்பியாக வேண்டும்.

"நரம்பு அறுந்துபோகிறது"

அறுந்த நுனியைத் தூக்கிப்போடாதீர்கள், அதிலேயே விடை இருக்கிறது. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றது. சொரசொரவென்று மங்கிப்போயிருந்தால் கல்லில் உராய்ந்தது. சுருளும் இல்லை, சொரசொரப்பும் இல்லை, நீண்டு மெலிந்திருக்கிறது என்றால் டிராக் இறுக்கம்.

முடிச்சு வழுக்கினால்: முள்ளின் காதில் நுழைத்து ஐந்து ஆறு சுற்று, நுனியைக் கண்ணியில் விட்டு, எச்சில் தொட்டு நனைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அங்கேயே பலவீனமாகும், ஃபுளோரோகார்பனில் இது ரொம்பவே அதிகம். விரல் விறைத்த குளிரில் அவசர முடிச்சு போடுவதைவிட, கூடாரத்திலேயே நாலைந்து லீடர்களைக் கட்டி அட்டையில் சுற்றி வைத்துக்கொள்வது நல்லது.

உராய்வென்றால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். நெருடினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். போன வருடத்து நரம்பை இந்த வருடம் நம்ப வேண்டாம். இந்த உயரத்தில் புற ஊதா வெயில் மோனோவைச் சீக்கிரம் முறிய வைக்கும்.

"நரம்பு முறுக்கேறி, வளையம் வளையமாகச் சிக்காகிறது"

குற்றவாளி ஸ்பின்னர். அதன் உடம்பே சேர்ந்து சுற்றும்போது முறுக்கு நரம்புக்கு ஏறுகிறது. லூருக்கு 40 முதல் 50 செ.மீ. மேலே ஒரு சின்னச் சுழலி கட்டினால் தணியும். ஏற்கெனவே ஏறிவிட்ட முறுக்கை எடுக்க: லூரையும் சுழலியையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பு நுனியை ஓடையின் ஓட்டத்தில் விட்டு முப்பது நாற்பது மீட்டர் கீழே போகவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீரே முறுக்கைப் பிரித்துவிடும். திரும்பச் சுற்றும்போது இரு விரலால் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள்.

வேறு இரண்டு காரணங்கள்: ஸ்பூலில் விளிம்பு வரை நரம்பு நிரம்பியிருப்பது (2 மி.மீ. காலியிருக்க வேண்டும்), ரீல் கைப்பிடியைச் சுற்றி பெயிலை (நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையத்தை) மூடுவது. பெயிலைக் கையால் மூடுங்கள், நரம்பை ஒரு தரம் இழுத்து விறைப்பாக்குங்கள், பிறகு சுற்றுங்கள். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது, டிராக் வழுக்கும் நேரத்தில் கைப்பிடியைச் சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு கூடும்.

"தூரம் போகவில்லை, காற்று திருப்பியடிக்கிறது"

காற்றைத் திட்டாமல் பயன்படுத்துங்கள். வெயில் ஏறியதும் பத்து மணிவாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும், சூரியன் சரிந்ததும் அடங்கித் திசை மாறும். புல்வெளியின் எறும்பு, வண்டு, தத்துக்கிளி எல்லாம் ஏரியில் விழுந்து, காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே நுரைக்கோட்டில் சேரும். மீனும் அங்கேதான். முகத்தில் காற்று அறையும் கரையில் நின்று பத்து மீட்டர் வீசுவது, வசதியான கரையில் நின்று நாற்பது மீட்டர் வீசுவதைவிட மேல். எடை கூடிய ஸ்பூன் போட்டு, தலைக்குமேல் தூக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசினால் நரம்பு காற்றில் வயிறு தள்ளாது.

ஸ்பூன் எத்தனை வேகத்தில் மூழ்குகிறது என்று ஒரு தரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தரை தெரிகிற இடத்தில் போட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணினால் கணக்கு வந்துவிடும். பிறகு ஆழத்தில் வீசும்போது 5 எண்ணிச் சுற்றுங்கள், அடுத்து 10, அடுத்து 15. எந்த எண்ணிக்கையில் தட்டியதோ அதையே மறுபடி.

"ஓடையில் கிட்டப் போனதும் நிழல்கள் சிதறி ஓடுகின்றன"

ஓடைக்காரருக்கு வரும் கோளாறில் முக்கால்வாசி இது ஒன்றுதான்.

மீன் நீருக்குள்ளிருந்து வெளியுலகை ஒரு வட்டச் சன்னல் வழியாகப் பார்க்கிறது. ஒளி விலகலால் நீர்மட்டத்துக்கு 10 டிகிரிக்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தச் சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடும். கணக்கு போட்டால்: பத்து மீட்டர் தள்ளி, நீர்மட்டத்தில் நிற்கும் சராசரி மனிதர் சுமார் 1.7 மீட்டர் உயரத்தில் விளிம்பை ஒட்டி மறைந்துவிடுவார். ஐந்து மீட்டரில் மறைய வேண்டுமானால் தலை 90 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, அதாவது மண்டியிட வேண்டும். கரை நீரைவிட அரை மீட்டர் உயர்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். வெயிலில் மின்னும் ராட், தலைக்குமேல் ஆடும் கை, முன்னால் விழும் நிழல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி ஏறிவந்து, அதன் பின்னாலிருந்து வீச வேண்டும். புல்வெளியில் வளைந்து வளைந்து போகும் ஓடையில் கரை அடியில் குடைந்திருக்கும், மீன் அந்தக் குடைவுக்குள். நீங்கள் மிதிக்கும் அதிர்வு அந்த ஈரமண் வழியாக நேரே அதற்குக் கேட்கும். பூனைநடை நடந்தே ஆக வேண்டும். பேச்சுக்குரல் அவ்வளவு கெடுதல் செய்யாது.

எங்கே போடுவது? மடுவின் நடுவில் அல்ல. வேகமாக வரும் நீரும் தேங்கிய நீரும் உரசும் கோடு, பெரிய கல்லுக்கு முன்னால் உள்ள மெத்தை போன்ற நீர், மடு முடிந்து தண்ணீர் மெலிந்து வழியும் கடைவாய். கடைவாயில் நிற்கும் மீனை முதலில் எடுங்கள். அதை மிரட்டினால் அது மேலே ஓடி மடுவிலுள்ள மற்ற மீன்களையும் கலைத்துவிடும். ஒரு மடுவுக்கு நாலைந்து வீச்சு போதும்.

ஃபிளை ஓட்டத்தைவிட வேகமாக இழுபட்டு, பின்னால் கோடு கிழித்துக்கொண்டு போகிறதா? நடுவிலிருக்கும் வேக நீர் நரம்பைப் பிடித்து இழுக்கிறது. ராட்டை உயர்த்தி, நரம்பு முடிந்தவரை நீரைத் தொடாமல் காற்றில் இருக்கட்டும். இன்னும் கிட்டப் போய்க் குட்டையாக வீசுவது, தூரம் வீசுவதைவிட நல்லது.

"காலையில் மூன்று கிடைத்தது, மதியத்துக்கு மேல் ஒன்றுமில்லை"

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பனிப்பாளங்களிலிருந்து இறங்கும் ஓடையில் வெயில் ஏற ஏற உருகல் கூடி, பாறைத்தூள் கலந்து, பிற்பகலில் மோர் நிறமாகும், மட்டமும் ஏறும். மீனுக்கு இரை தெரியாது. அந்த ஓடையில் விடியற்காலையோடு கடையைக் கட்டிவிட்டு, ஏரிக்குக் கீழே வெளியேறும் ஓடைக்குப் போங்கள். தூளெல்லாம் ஏரியிலேயே படிந்துவிடுவதால் அங்கே நீர் தெளிவு.

நிறம் மாறவில்லை, ஏரி கண்ணாடியாகக் கிடக்கிறது என்றால் வெளிச்சம்தான் காரணம். ஆழமான விளிம்பில் 10, 15 எண்ணி இறக்குங்கள். அல்லது தூங்குங்கள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை தூங்கியவருக்கு அந்தியில் கை நடுங்காது.

மேகம் கறுத்து இடி கேட்டால் மட்டும் பேரம் கிடையாது. ராட் கார்பன், மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கீழே வைத்துவிட்டு, ஏரிக்கரையையும் மேட்டையும் விட்டு இறங்குங்கள்.

"ராட் துண்டுகள் கழலவில்லை" அல்லது "ஒட்டவில்லை"

முறுக்கி இழுக்காதீர்கள், கார்பன் விரிசல் விடும். குத்தவைத்து, ராட்டை முழங்காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இணைப்பின் இரு பக்கமும் கைகளால் பிடித்துக்கொண்டு முழங்கால்களை மெல்ல அகட்டுங்கள். கை நேராக இழுபட்டு இணைப்பு விட்டுக்கொடுக்கும். ஒட்டாமல் வீச்சின் நடுவில் நுனித்துண்டு பறந்தால், ஆண் பக்கத்தில் (உள்ளே நுழையும் பக்கத்தில்) மெழுகுவத்தியைத் தேய்த்தால் பிடிக்கும். நுனி வளையம் ஒடிந்தால் லைட்டர் சூட்டில் பசையை இளக்கிக் கழற்றி, மிச்சக் கம்பில் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த வளையத்துக்கு மேலே வெட்டி, வெட்டுவாயை மழமழப்பாக்கி, அதையே நுனியாக வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டலாம்.

"விட்ட மீன் மல்லாந்து மிதக்கிறது"

நேரம் அதிகமாகிவிட்டது. அல்லது உலர்ந்த கையால் பிடித்து மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிட்டீர்கள், அல்லது செவுளுக்குள் விரல் போயிருக்கிறது. முள்ளின் கொக்கியை (முனையருகே பின்னோக்கி நீளும் எதிர்முள்ளை) முதலிலேயே இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இரண்டு வினாடி வேலை. கையை நனைத்து, மீனை நீருக்குள்ளேயே வைத்து, இடுக்கியால் முள்ளைப் பின்னோக்கித் தள்ளிக் கழற்றுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்ட வேண்டாம், நரம்பை வெட்டிவிடுங்கள். மல்லாந்ததை நிமிர்த்தி, வயிற்றின் கீழே லேசாகத் தாங்கி, தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை. செவுள் சீராகத் திறந்து மூடத் தொடங்கி, வால் தானாக உதைத்துக்கொண்டு போகும்வரை விடாதீர்கள்.

வைத்துக்கொள்ளும் மீனென்றால் உடனே தலையில் அடித்துக் கொன்று, அரை மணிக்குள் குடலை எடுத்துவிடுங்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு ரத்தக்கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தெடுக்காவிட்டால் கசக்கும். குடலைக் கூடாரத்தருகே போட வேண்டாம், அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. செதில் பொடிசு, சுரண்டத் தேவையில்லை. 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சோறு வேகவே படாதபாடு, அதில் புளிக்குழம்பு வைக்கப் பார்த்தால் குழம்பு கூடுவதற்குள் மீன் கரைந்துவிடும். மிளகாய்த்தூள், உப்பு, தவா. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்.